கடைசியாக வந்தவர் வைத்ததே சட்டம்

ஈஜிபுராவில் முதன்முறையாக ஒரு வீட்டைத் தேடிப் போகிறவர் ஆட்டோவில் ஏறி "எட்டாவது கிராஸ்" என்று மட்டும் சொன்னால் வண்டி நகராது. ஓட்டுநர் கழுத்தைத் திருப்பி, "எந்த எட்டாவது கிராஸுங்க? எந்த மெயின்?" என்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெங்களூரில் லேஅவுட் போட்டவர்கள் பல இடங்களில் தெருக்களுக்குப் பெயர் யோசித்து மெனக்கெடவில்லை. நீளவாக்கில் ஓடுவதை மெயின் என்றும், குறுக்கே வெட்டுவதை கிராஸ் என்றும் சொல்லி எண் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஈஜிபுராவிலும் எண் போட்ட கிராஸ்கள். ஒரு சாலையைத் தாண்டினால் கோரமங்களாவிலும் எண் போட்ட கிராஸ்கள். போதாததற்குச் சில கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வேறு. கூரியர் கொண்டுவருகிறவரின் பாதிப் பொழுது போனிலேயே கழிகிறது.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஒரு கோப்பைத் தேடிப் போகிறது. ஃபோல்டர் என்பது பேட்டை, அதற்குள் இருக்கும் ஃபோல்டர் மெயின், கோப்பின் பெயர் கதவு எண். ஒரே எண்ணில் இரண்டு கதவுகள் இருந்தால் தபால்காரர் நின்று விசாரிப்பார். கம்ப்யூட்டர் விசாரிக்காது. ஏற்கெனவே ஆள் இருக்கும் முகவரிக்கு இன்னொருவர் குடிவந்தால், முதலில் இருந்தவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அப்படிக் காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுவதற்கான கருவிகளையும் பெரும்பாலும் அவர்களே செய்துகொண்டார்கள்.

இந்தக் குடிவரவெல்லாம் மாட்களால் வருவது. மாட் என்றதும் தொழுவம் நினைவுக்கு வர வேண்டாம். கடையில் வாங்கிய கேமை வாங்கியவரே திருத்திக்கொள்வதற்கு அதுதான் பெயர். எதிரியின் சட்டையை மாற்றுவதிலிருந்து புதிதாக ஒரு நாட்டையே கட்டி உள்ளே வைப்பது வரை எல்லாம் மாட்தான்.

1992இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற சுடும் விளையாட்டைச் சிலர் உள்ளே புகுந்து கலைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தொலைக்காட்சியில் ஆடிப்பாடும் ஊதா நிற டைனோசர் பார்னியை எதிரியாகக் கொண்டுவந்து நிறுத்தியவர்களும் உண்டு. அதற்கு மூலக் கோப்பின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. பார்னி உள்ளே வந்தால் பழைய எதிரி அழிந்தார். அவரைத் திரும்ப அழைக்கக் கேமை மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டும். அந்தக் கேமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் இதைக் கண்டு எரிச்சல்படவில்லை, உற்சாகப்பட்டார். அடுத்து 1993 டிசம்பர் 10இல் வெளியான டூமில், கேமை ஓட்டும் இயந்திரத்தையும் படம், ஒலி, வரைபடம் ஆகிய சரக்குகளையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். சரக்கு மூட்டைக்கு வாட் என்று பெயர். "எல்லாத் தரவும் எங்கே?" என்ற ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகள் அவை. மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு எழுத்துக்கு மிகாத ஒரு பெயர்.

இனி மூல மூட்டையைத் தொட வேண்டியதில்லை. தன் சிறு மூட்டையைக் கட்டி, கேமைத் தொடங்கும்போது இதையும் சேர்த்துக்கொள் என்று சொன்னால் போதும். 1994 தொடக்கத்திலேயே டியூ என்ற வரைபடக் கருவி வந்துவிட்டது. நியூசிலாந்தின் பிரெண்டன் வைபர், பெல்ஜியத்தின் ரஃபயேல் கினே ஆகியோர் அதன் முக்கியக் கைகள். கருவி கையில் கிடைத்ததும் உலகமே வரைபடம் போட்டது. போட்டவர்களில் ஏராளமானோர் முதல் கட்டமான இ1எம்1 என்ற ஒரே முகவரியில்தான் வீடு கட்டினார்கள், கேமைத் திறந்ததும் தன் வேலை தெரிய வேண்டும் என்ற ஆசையில்.

இரண்டு மூட்டைகளிலும் இ1எம்1 இருந்தால் எது வரும்? டூமின் மூலநிரல் 1997 டிசம்பர் 23இல் வெளியானபோது விடையை எல்லோரும் கண்ணாலேயே பார்த்தார்கள். பட்டியலைக் கடைசியிலிருந்து மேல்நோக்கித் தேடு, அப்போதுதான் பின்னால் சேர்த்த ஒட்டுகள் முந்திக்கொள்ளும் என்ற பொருளில் ஒரு வரிக் குறிப்பு. கடைசியாக வந்தவர் வைத்ததே சட்டம் என்ற வழக்கம் அங்கே எழுத்தில் இருந்தது. பிறகு வந்த பெரும்பாலான கேம்கள் இதையே பின்பற்றின. தோற்றவருக்கு ஓர் அறிவிப்பாவது தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதே 1997இல் ஈஜிபுராவை ஒட்டித் தேசிய விளையாட்டுக் கிராமம் எழுந்திருந்தது. பெங்களூரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய அடுக்குமாடிகள். பின்னாளில் சாதாரணக் குடியிருப்புகளாயின. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் நகரத்தில் அந்த ஆண்டுதான் பிள்ளையார் சுழி. ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கேம் உருவாக்கத்தில் இந்தியாவின் முன்னோடி நிறுவனம் அது. வெளிநாட்டுக் கேம்களுக்குக் காரும் மரமும் கட்டடமும் வரைந்து கொடுத்து வளர்ந்தது. 2019இல் ஜிடிஏ என்ற கேம் வரிசையை உருவாக்கும் ராக்ஸ்டார் 79 லட்சம் டாலருக்கு அதன் பெரும்பங்கை வாங்கி, தன் பெங்களூர்க் கிளையோடு இணைத்துக்கொண்டது.

துருவா வளரத் தொடங்கிய காலத்தில் நகரத்தின் சைபர் கஃபேக்களில் வேறொரு ஆட்டம். கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிக் காசைக் கரைத்த பிள்ளைகளில் பலருக்கு அது தனிக் கேம் இல்லை, ஹாஃப் லைஃப் என்ற கேமின் மாட் என்பது தெரியாது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் மாட்டையும் அவர்களையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. ஹாஃப் லைஃபில் மோதல் பெரிய தலைவலியாக இருக்கவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் தனி ஃபோல்டர். கேம் முதலில் அதில் தேடும், இல்லாவிட்டால் மூல ஃபோல்டருக்குப் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாட்தான் ஓடும். ஒரே உறையில் ஒரே கத்தி.

குவேக் 3 (1999) கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அதன் மூட்டைகள் அகரவரிசையில் ஏறும். பிந்தி ஏறியது வெல்லும். உடனே மாட் எழுதுகிறவர்கள் கோப்புப் பெயரின் முன்னால் இசட் சேர்த்தார்கள். அடுத்தவர் இரண்டு இசட் போட்டார். மூன்று, நான்கு என்று ஏறியது. மஞ்சள் பக்கத் தொலைபேசிப் புத்தகத்தில் முதலில் வருவதற்காகக் கடைப்பெயருக்கு முன் ஏ சேர்த்தவர்களின் தம்பிகள் இவர்கள்.

நிஜமான நெரிசல் 2002இல் மாரோவிண்டோடு தொடங்கியது. பெதஸ்டா நிறுவனம் கேமோடு அதைக் கட்டிய கருவியையும் சேர்த்துக் கொடுத்தது. எத்தனை மாட் வேண்டுமானாலும் ஒன்றாக ஏற்றலாம். வரிசை எண்ணுக்கு ஒரே பைட் ஒதுக்கியதால் உச்சவரம்பு 255. எது முதலில், எது பிறகு என்பதைக் கோப்பின் தேதி தீர்மானித்தது. ஆகவே வீரர்கள் கோப்புகளின் தேதியைத் திருத்தத் தொடங்கினார்கள். பதிவேட்டில் பிறந்த தேதியைத் திருத்திப் பணிக்காலத்தை நீட்டிக்கொள்ளும் கலை நம் ஊருக்குப் புதிதில்லை. இங்கேயும் இளையவருக்குத்தான் லாபம்.

மோதல் என்றால் கேம் நொறுங்கி விழும் என்று நினைக்கத் தோன்றும். விழுந்தால் நல்லது, தெரிந்துவிடும். 2006இல் வந்த ஒப்லிவியன் என்ற கேமில் கொள்ளைக்காரர்கள் என்ன ஆயுதம் ஏந்துவார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஒரு மாட் அதில் புது வாள் ஒன்றைச் சேர்க்கிறது. இன்னொன்று புதுக் கேடயத்தைச் சேர்க்கிறது. இரண்டும் தனித்தனியே முழுப் பட்டியலையும் திருப்பி எழுதி வைத்திருக்கின்றன. கடைசியாக ஏறியது கேடயம் என்றால் வாள் எந்தக் கொள்ளைக்காரன் கையிலும் வராது. பிழைச்செய்தி கிடையாது. அறுபது மணிநேரம் ஆடியவர், "அந்த வாள் எங்கேதான் போச்சு?" என்று ஒருநாள் யோசிப்பார், அவ்வளவுதான்.

இந்த மௌனத்தை உடைக்க வந்த கருவிகளில் மூன்றைச் சொல்லியாக வேண்டும். ரை என்ற புனைபெயர்க்காரர் தொடங்கிய ரை பேஷ், வாளையும் கேடயத்தையும் ஒரே பட்டியலில் இணைத்து, எல்லாவற்றுக்கும் பின்னால் ஏறும் ஒட்டு ஒன்றைத் தானே தயாரித்தது. பாஸ் என்ற கருவியும் அதன் வாரிசான லூட்டும், எது எதன் பின்னால் நிற்க வேண்டும் என்று பலர் சேர்ந்து எழுதிய பட்டியலை வைத்து வரிசைப்படுத்தின. மூன்றாவது, எல்மின்ஸ்டர் ஏயூ என்ற பெயரில் இயங்குபவர் எழுதிய டெஸ்4எடிட். பிறகு ஃபால்அவுட், ஸ்கைரிம் என்ற கேம்களுக்கும் விரிந்து எக்ஸ்எடிட் ஆனது.

மூன்றில் எக்ஸ்எடிட்டே அழகானது. அது எதையும் தானாகத் தீர்ப்பதில்லை, காட்டுகிறது. ஒரு வாளைத் திறந்தால் இடது ஓரத்தில் அதன் குணங்கள்: எடை, விலை, சேதம். வலப்பக்கம் நிரல் நிரலாக, அதைத் தொட்ட ஒவ்வொரு மாட்டும் ஏறும் வரிசையில் நிற்கும். இரண்டு மாட்களும் ஒரே குணத்தைத் தொட்டு, ஒன்றை ஒன்று மறுத்திருந்தால் பின்னணி சிவப்பாகும். தோற்ற எழுத்தும் சிவப்பு, வென்றது ஆரஞ்சு. தொட்டிருந்தாலும் சண்டை இல்லை என்றால் பச்சையும் மஞ்சளும். நூற்றுக்கணக்கில் மாட் ஏற்றியவரின் திரை திருவிழாத் தோரணம்போல் இருக்கும். சிவப்பெல்லாம் நோய் இல்லை. சில சிவப்பு வேண்டுமென்றே வைத்தது. எதை விடுவது, எதைத் திருத்துவது என்பது அமர்ந்து பார்க்கிறவரின் வேலை.

தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி எங்கேயோ பார்த்ததாகத் தோன்றினால் வியப்பில்லை. ஏட்டுச்சுவடிகளைப் பரப்பிவைத்து ஒரே பாட்டின் ஒரே சொல் எந்தெந்தப் பிரதியில் எப்படி இருக்கிறது என்று ஒப்புநோக்கிய உ.வே.சாமிநாதையர் செய்ததும் நிரல் நிரலாகப் பார்க்கும் வேலையே. 1887இல் சீவக சிந்தாமணியில் தொடங்கிய பழந்தமிழ்ப் பதிப்புப் பணியில் அவர் தேர்ந்துகொண்ட பாடம் மேலே நின்றது. ஒதுக்கிய பாடங்கள் பிரதிபேதம் என்ற பெயரில் அடிக்குறிப்பில் வாழ்ந்தன. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்களோ டூமைப்போல நடந்துகொண்டார்கள். கடைசியாகப் பெயர்த்தவர் எழுதியதே மூலம், பழைய ஏடு ஆற்றோடு போகும்.

கம்ப்யூட்டர் உலகில் ஒப்புநோக்கும் வேலைக்கு டிஃப் என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1970களின் முதற்பாதியில் யூனிக்ஸுக்காக எழுதினார். ஜேம்ஸ் ஹன்டோடு சேர்ந்து அதன் வழிமுறையை 1976இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். இரண்டு கோப்புகளில் எந்த வரிகள் வேறுபடுகின்றன என்று மட்டும் சொல்லும் எளிய கருவி. வேறுபாட்டை எடுத்துப் பழைய கோப்பில் ஒட்டும் பேட்ச் என்ற கருவியை லாரி வால் 1985இல் வெளியிட்டார். கேம்காரர்கள் வாயில் இன்று புழங்கும் பேட்ச் என்ற சொல் இந்தப் பரம்பரையையும் தொட்டு வருகிறது. 2015இல் வந்த விட்சர் 3-க்கு வீரர் ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் மெர்ஜர் இந்த ஒப்புநோக்கும் முறையை நேரடியாகவே பயன்படுத்தியது. மூலக் கோப்பு, முதல் மாட், இரண்டாம் மாட் என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். இருவரும் வெவ்வேறு வரிகளைத் திருத்தியிருந்தால் தானாக இணைக்கும். ஒரே வரியில் இருவரும் கைவைத்திருந்தால் நின்று கேட்கும், ஈஜிபுரா ஆட்டோக்காரர் மாதிரி.

இந்தியாவில் மாட் என்ற சொல் பரவியது வாளாலும் கேடயத்தாலும் இல்லை, ஜிடிஏவால். வைஸ் சிட்டி 2003இலும் சான் ஆண்ட்ரியஸ் 2005இலும் கம்ப்யூட்டருக்கு வந்தன. சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடியதால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகம் வாங்கிக் கட்டிய பெட்டியிலும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பெட்டியிலும் தவறாமல் இருந்தன. அமெரிக்க நகரத்தில் அமெரிக்க வண்டி ஓட்டிச் சலித்தவர்கள் அம்பாஸடரையும் மாருதி 800-ஐயும் பஜாஜ் ஆட்டோவையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அங்கேதான் சிக்கல். சான் ஆண்ட்ரியஸில் வண்டிகளுக்கு 400 முதல் 611 வரை 212 எண்கள். ரயில், படகு, விமானம் எல்லாம் அதற்குள் அடக்கம். புது வண்டி வேண்டுமானால் பழைய வண்டி ஒன்றைக் காலிசெய்து அதன் பெயரில் குடிவைப்பதே வழக்கமான வழி. இன்ஃபெர்னஸ் என்ற வேகக் காரின் இடத்துக்கு எல்லோருக்கும் ஆசை. ஒருவர் அதில் அம்பாஸடரை வைப்பார், நண்பர் கொடுத்த வட்டில் அதே பெயரில் ஸ்கார்பியோ இருக்கும். எல்லா மாதிரிகளும் ஜிடிஏ3 என்ற ஒரே பெருங்கோப்புக்குள் அடைந்து கிடந்ததால், பின்னால் வைத்தது முன்னால் வைத்ததைத் தின்றது. பிரதி எடுத்து வைக்காதவர் வட்டைத் தேடி எடுத்துக் கேமை மறுபடி நிறுவினார். வுல்ஃபென்ஸ்டைன் காலத்துத் துன்பம், பதின்மூன்று ஆண்டு கழித்து அதேபடி.

2010களில் வந்த மாட் லோடர் இந்தத் துன்பத்தைக் குறைத்தது. பெருங்கோப்பைத் தொடாமல், தனி ஃபோல்டரில் வைத்ததைக் கேம் ஓடும்போது மட்டும் மாற்றிக் காட்டும். மோதினால் யார் பெரியவர் என்பதற்கு 1 முதல் 100 வரை மதிப்பெண். ஒன்றும் சொல்லாவிட்டால் 50. ஸ்கைரிம் பக்கத்தில் மாட் ஆர்கனைசர் இதே எண்ணத்தை இன்னும் தெளிவாகச் செய்தது. ஒவ்வொரு மாட்டும் தன் வீட்டில் இருக்கும், கேமுக்கு மட்டும் எல்லாம் ஒரே வீடாகத் தெரியும். யார் யாரை மூடியிருக்கிறார் என்பதற்கு மின்னல் அடையாளம். மூடியவருக்குப் பச்சைக் கூட்டல் குறி, மூடப்பட்டவருக்குச் சிவப்புக் கழித்தல் குறி. அதை எழுதிய டானின் என்பவரைப் பின்னர் நெக்ஸஸ் மாட்ஸ் என்ற மாட் இணையதளம் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

எண் போட்ட தெருக்களின் அவஸ்தையை முழுதாக அனுபவித்தது, கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட். அதில் ஒவ்வொரு கட்டிக்கும் பெயர் இருந்தாலும் கேம் அதை எண்ணால்தான் அடையாளம் கண்டது. இரண்டு மாட்காரர்கள் தங்கள் செப்புத் தாதுவுக்கும் ரப்பர் மரத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் கேம் ஏறாது. வீரர்கள் காகிதத்தில் பட்டியல் எழுதி, அமைப்புக் கோப்புகளைத் திறந்து, எண்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். 2013 அக்டோபரில் வந்த 1.7 பதிப்போடுதான் அந்த வேலை ஓய்ந்தது. மாட்டின் பெயரை முன்னால் போட்டு அதன்பின் கட்டியின் பெயர். வெறும் எட்டாவது கிராஸ் போய், ஈஜிபுரா எட்டாவது கிராஸ் வந்தது.

டூம் வெளிவந்து சரியாக 27 ஆண்டு கழித்து, 2020இன் அதே டிசம்பர் 10இல், சைபர்பங்க் 2077 வந்தது. அத்தனை ஆண்டு வழக்கத்தை அது தலைகீழாக்கியது. அதன் மூட்டைகளும் எழுத்து வரிசையில்தான் ஏறுகின்றன, ஆனால் முதலில் ஏறியதே வெல்கிறது. பந்திக்கு முந்து என்பதே விதி. இசட் அடுக்கிப் பழகியவர்கள் இங்கே பெயருக்கு முன் ஆச்சரியக்குறியும் சுழியமும் போடக் கற்றார்கள். மூட்டைக்குள் கோப்புகளின் பெயரும் கிடையாது. முகவரி முழுவதையும் பிசைந்து ஆக்கிய 64 பிட் எண்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்து மோதலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதால் இந்தக் கேமுக்குக் கருவி இல்லாமல் முடியாது.

அந்தக் கருவியின் உள்வேலை மளிகைக்கடைப் பேரேட்டைவிடச் சிக்கலானதில்லை. ஒவ்வொரு மூட்டையையும் திறந்து அதில் இருக்கும் எண்களைப் பட்டியலிடும். எல்லாப் பட்டியலையும் ஒன்றாகக் கொட்டி, இரண்டு இடத்தில் வரும் எண்ணைத் தனியே எடுத்துவைக்கும். யார் முதலில் ஏறுகிறார் என்று பார்த்து வென்றவர், தோற்றவர் என்று எழுதும். நல்ல கருவியாக இருந்தால் இன்னொரு படி உண்டு: இரண்டு கோப்புகளின் உள்ளடக்கமும் எழுத்துக்கெழுத்து ஒன்றா என்று சரிபார்த்து, ஒன்றென்றால் விட்டுவிடும். ஒரே சாவியை இரண்டு பேர் வைத்திருந்தால் அது சண்டையாகாது. இந்தப் படியைச் சேர்க்காத கருவிகள் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை அடித்து, ஒரு வாரத்தில் எல்லோரையும் எச்சரிக்கையையே மதிக்காதவர்களாக்கிவிடும்.

எந்தக் கருவியின் கண்ணிலும் படாத மோதலும் உண்டு. ஸ்கைரிமில் ஒருவர் ஒரு ஊருக்கு மரங்கள் நடுகிறார். இன்னொருவர் அதே ஊரில் புது வீடு கட்டுகிறார். இருவரும் ஒரே கோப்பைத் தொடவில்லை, ஒரே பதிவையும் தொடவில்லை. புதிதாகச் சேர்த்தவை இரண்டும் தனித்தனிப் பொருள்கள். எக்ஸ்எடிட்டில் சிவப்பே கிடையாது. கேமுக்குள் நடந்துபோய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவே கூரையைப் பிளந்துகொண்டு ஒரு பைன் மரம் நிற்கும். அதைப் பார்த்தவர் மரத்தை நகர்த்த ஒரு சிறு ஒட்டு எழுதி மற்றவர்களுக்கும் கொடுப்பார். அது வேலை செய்ய இரண்டு மாட்களுக்கும் பின்னால், பட்டியலின் கடைசியில் ஏற வேண்டும். அங்கே போனால் இதே ஊருக்கு வேறு இருவர் எழுதிய ஒட்டுகள் ஏற்கெனவே நிற்கும், கடைசியில் ஏற்றவும் என்ற அதே குறிப்போடு.